கயிறு பிடித்த கை

பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். பயத்தில் இல்லை. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை, நாலு பேருக்கு நடுவில் இருந்து "சும்மா புளுகாதையுங்கோ" என்று சொல்லும் தைரியமும் இல்லை, அதனால் எழும்பிவிடுவேன். இருபத்தைந்து வருடமாக ரேடியோ, டீவி, கைபேசி, இப்போது படகுகளில் பூட்டும் மீன் பார்க்கும் கருவி என்று திருத்திப் பிழைக்கிறவன். பதினோராம் வகுப்பு, ஓ.எல். வரைக்கும்தான் படித்தேன். ஆனால் ஒரு சாமான் தானாக வேலை செய்தால் அதற்குள் எங்கோ ஒரு வயர் இன்னொரு வயரில் முட்டிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். உலகத்தில் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு வயர் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும் எழும்பித்தான் போயிருப்பேன்.

ஆனால் முதலில் என் பொறாமையைச் சொல்ல வேண்டும். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

என் தங்கை மெற்றில்டாவைக் கட்டியவர் யூட். எனக்கு மச்சான். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. கட்டாரில் கப்பல் திருத்தும் இடத்தில் பத்து வருடம் வேலை செய்துவிட்டு வந்து, மன்னார்ப் பக்கம் எங்கள் ஊரான அரிப்பில், எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவில் வீடு கட்டி இருக்கிறார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாய். அவர் ஓர் இடத்தில் நின்றால் அந்த இடம் அவருடையதாகிவிடும். நான் அதே இடத்தில் நின்றால் கதிரையோ அலுமாரியோ நிற்கிற மாதிரி.

எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம். ஆள் இறங்காமல் தானே கடலடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும் சின்னக் கலம் ஒன்றை எங்கள் கையால் செய்ய வேண்டும். யூட் கட்டாரில் அப்படியொன்று கப்பலின் அடியைப் பார்க்க இறங்குவதைக் கண்டிருக்கிறார். நான் கைபேசியில் வெளிநாட்டுக்காரர் வீட்டுக் கொட்டிலுக்குள் வைத்துச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குழாயை வெட்டி ஒரு கூடு செய்தோம். படகுக்குள் விழும் தண்ணீரை வெளியே தள்ளும் சின்ன மோட்டர் மூன்று, அவற்றின் நுனியில் பிளாஸ்டிக் காற்றாடி. பழைய காவல் கமெரா ஒன்று ஜாம் போத்தலுக்குள். மிதக்கச் செருப்பு ரப்பர், தாழ வலை ஈயம். படகிலிருந்து நீளமாக ஒரு வயர், அதன் வழியே மின்சாரம் கீழே போகும், படம் மேலே வரும்.

முதல் தரம் இறக்கியபோது பத்து நிமிடத்தில் மோட்டருக்குள் தண்ணீர் போய்ச் செத்துப்போயிற்று. யூட் அதைக் காலால் தள்ளிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான்தான் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கி, உருக்கி, ஒவ்வொரு மோட்டருக்கும் உள்ளே வார்த்து ஈரம் புகாமல் அடைத்தேன். பிறகு சோனார். சத்தத்தை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கணக்குப் போட்டு, எவ்வளவு தூரத்தில் என்ன இருக்கிறது என்று திரையில் புள்ளியாக வரைகிற சாமான். யாரோ படகுக்காரர் பழுது என்று எறிந்ததை எடுத்து மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டி உயிர் கொடுத்தேன். கலத்தின் நெற்றியில் அதைப் பூட்டி மெழுகால் மூடுவதற்கு முன்னால், மூடியின் உள்பக்கம் ஆணியால் என் பெயரைக் கீறினேன். ஒருவருக்கும் தெரியாத இடத்தில். எனக்கு அவ்வளவுதான் முடிந்தது.

கிறிஸ்து பிறந்த நத்தார்த் திருநாள் முடிந்த கிழமை பாதர் வந்து கலத்தை மந்திரித்து ஆசீர்வதித்தார். பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள்.

"ஆர் இதைச் செய்தது?" என்று பாதர் கேட்டார்.

"நான்தான் பாதர்," என்றார் யூட். பிறகு நாடியால் என்னைக் காட்டி, "மச்சானும் கொஞ்சம் பிடிச்சுக் குடுத்தவர்."

"பிடிச்சுக் குடுக்கவும் ஒரு ஆள் வேணும்தானே," என்று பாதர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிடிச்சுக் குடுத்தவர். ஏணியில் ஏறுகிறவருக்குக் கீழே நின்று ஏணியைப் பிடிக்கிற ஆள். அந்தச் சொல் எனக்குள் முள் மாதிரி நின்றுவிட்டது. பிறகு நேவி முகாமில் கொண்டுபோய்க் காட்ட வேண்டி வந்தது. எங்கள் பக்கத்தில் கடலுக்கடியில் போகும் சாமான் என்றால் கேள்வி வரும்தானே. "மேக்க மொகத்த?", இது என்ன, என்று கேட்டவருக்கு யூட் நல்ல சிங்களத்தில் சிரிக்கச் சிரிக்க விளங்கப்படுத்தினார். அவர்கள் அனுமதிக் கடிதத்தில் ஒரு பெயர் எழுதினார்கள். யூட்டின் பெயர். ஊரில் அதற்கு 'யூட்டின்ர கப்பல்' என்று பெயராகிவிட்டது. என் கடைக்கு ரேடியோ திருத்த வருகிறவர்கள்கூட என்னிடமே கேட்பார்கள், "யூட்டின்ர கப்பல் எப்பிடிப் போகுது?" என்று. நல்லாப் போகுது என்பேன்.

இனி அன்றைக்கு நடந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு, தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. இரவு இல்லை, புயல் இல்லை, காலை பத்து மணி, நல்ல வெயில். காற்று விழுந்து கடல் அசையாமல் கிடந்த நாள். மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்குக் கலத்தைக் கேட்டிருந்தார்கள், அதில் போட்டுக் காட்டக் கடலடிப் படம் வேண்டும். எங்கள் கரையில் மீன்பிடிக்கிற ரஹீம் நானா தன் படகைத் தந்தார். தன் மீன்வாடிக்கு முன்னால் நின்று கலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்கட பைப்புக் கப்பல் கீழ போய் மீனுக்குக் குழாய்த்தண்ணி குடுக்கப்போகுதோ?" என்று கேட்டார்.

"பில்லை உங்களுக்கு அனுப்புறம் நானா," என்றார் யூட்.

எனக்கு இப்படிப் பதில் எல்லாம் அடுத்த நாள்தான் வரும்.

யூட்டும் நானும் மட்டும், கரையில் இருக்கும் அல்லிராணிக் கோட்டைக்கு நேரே கொஞ்சத் தூரம் போனோம். நாலு பாகம் ஆழம், அதாவது நாலு ஆள் நீளம் என்று வையுங்கள். கீழே 'பார்' என்று நாங்கள் சொல்லும் கல்லும் மணலுமான அடி. அந்தக் காலத்தில் முத்துக் குளித்த இடம் அது. கலத்தை இறக்கினோம். படகிலிருந்து அதை ஓட்டும் பெட்டியில் ஒரு சின்னத் திரை. சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் கமெரா, மற்றப் பக்கம் தட்டினால் சோனார். எதைப் பார்த்தாலும் கமெராப் படம் தன்பாட்டில் மெமரி அட்டையில் பதிவாகிக்கொண்டிருக்கும்.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது யூட்டின் கைபேசி அடித்தது. கண்காட்சிக்குப் பொறுப்பான ஆசிரியர். யூட் ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டார்.

"பலகையில செய்தவரின்ர பேர் எழுத வேணும். ஆற்ற பேரை எழுத?"

நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் முழுக் காதும் அங்கேதான்.

"யூட் எண்டு எழுதுங்கோ சேர். ஒரு ஆள்தான்."

அவர் யோசித்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. ஒரு நொடியாவது என் பக்கம் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவருக்கு அந்த ஞாபகமே வரவில்லை.

அப்போதுதான் கலம் நின்றது. மோட்டர் சுற்றுகிறது, கலம் நகரவில்லை. கல்லில் சிக்கிக் கிடந்த பழைய வலையொன்றில் மாட்டி, கமெராவும் சோனாரும் மேலே பார்த்தபடி மல்லாந்து கிடந்தது. வயரைப் பிடித்து இழுத்தால் வயர் அறுந்துவிடும்.

"நான் இறங்கி அவிட்டுப்போட்டு வாறன்," என்றார் யூட். முகக் கண்ணாடியைப் போட்டு, ஒரு நைலோன் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை என் கையில் தந்தார். "மூண்டு தரம் இழுத்தனெண்டால் நீர் என்னை இழும்."

"ஓம்."

"என்ன மச்சான், முகம் புளிச்ச மோர் மாதிரி இருக்கு? முந்தி இஞ்ச முத்துக் குளிச்சவங்களுக்கும் கயிறு பிடிச்சது மச்சான்மார்தானாம். பெண்சாதியின்ர சகோதரம். ஏன் தெரியுமே? காசு குடுத்துப் பிடிச்ச ஆள் விட்டாலும் விட்டிடுவானாம், மச்சான் தன்ர தங்கச்சிய விதவையாக்க மாட்டானாம்." சிரித்தார். "பிடிச்சுக்கொள்ளும்."

குதித்துவிட்டார்.

முதல் தரம் இறங்கி ஏறினார். இரண்டாம் தரமும் ஏறினார், "இன்னும் ஒரு முடிச்சுத்தான்" என்று மூச்சை இழுத்துக்கொண்டு மூன்றாம் தரம் இறங்கினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிடிச்சுக்கொள்ளும். பிடிச்சுக் குடுத்தவர். மெழுகு வார்த்த கையும் மூன்று மாதம் கண் எரிய வயர் ஒட்டிய கையும் இது. இதற்கு இந்த ஊரில் வேலை ஒன்றுதான், பிடிப்பது.

நான் கயிற்றைப் பலகையில் வைத்தேன்.

அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, அதை மட்டும் நம்புங்கள். சிறுபிள்ளை கோபித்துக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைக்குமே, அப்படித்தான் வைத்தேன். வைத்துவிட்டுப் பின்பக்கம் போய், படகின் ஓரத்தில் குந்தி, வெயிலுக்குத் துவாயால் தலையையும் திரையையும் சேர்த்து மூடி, சுவிட்சைச் சோனாருக்குத் தட்டினேன். அது என்னுடையது. அதை மட்டுமாவது பார்ப்போம் என்று.

கலம் மல்லாந்து கிடந்தபடியால் சோனார் மேலே பார்த்தது. திரையின் ஒரு பக்கத்தில் படகு ஒரு தடித்த கோடு. மறு பக்கத்தில், கலத்துக்குக் கிட்ட, ஒரு பொட்டு. அதுதான் யூட். பொட்டு அசைந்துகொண்டிருந்தது. பிறகு கொஞ்சமாக அசைந்தது. பிறகு அசையவில்லை.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்க வேண்டாம். என்ன தெளிவாக விழுகிறது, என் சோனார் எவ்வளவு திறம் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். அது எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

பிறகு பொட்டு மேலே வரத் தொடங்கியது. நீந்துகிறவர் வருகிற மாதிரி ஒரே சீராக இல்லை. ஒரு சாண் ஏறும், நிற்கும். ஒரு சாண் ஏறும், நிற்கும். கை மாற்றிக் கை மாற்றி யாரோ இழுத்தால் எப்படி வருமோ அப்படி. கயிறு பலகையில் அல்லவா கிடக்கிறது என்று எனக்கு உறைத்தபோது, முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. ஈரக் கயிறு பலகையில் விழும் சத்தம். சளக். சளக். சளக். அவசரமே இல்லாமல்.

துவாயை இழுத்து எறிந்துவிட்டுத் திரும்பினேன். படகில் ஒருவரும் இல்லை. கயிறு பலகையில் வட்டமாகச் சுற்றி அடுக்கிக் கிடந்தது, தண்ணீர் வடிய. அதன் கடைசிப் பாகம் நேராக விளிம்புக்குப் போயிருந்தது. விளிம்பில் யூட்டின் கை. ஓடிப்போய் அவரைப் படகுக்குள் இழுத்துப் போட்டேன். அன்றைக்கு நான் செய்தது அது ஒன்றுதான்.

தண்ணீரைக் கக்கினார், இருமினார், கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வலது காலில் வலைத் துண்டு சுற்றியிருந்தது. இடுப்பைச் சுற்றிக் கயிறு பதிந்த சிவப்புத் தடம்.

"கால் மாட்டிட்டுது," என்றார். "மூண்டு தரம் இழுத்தன். பிறகு ஒண்டும் தெரியேல்லை. நீர் இழுத்த இழுவையில வலையே பிஞ்சு போச்சு." என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார், அந்த வாய்க்காரர். "என்ன பிடி மச்சான் அது."

பிய்ந்த வலையிலிருந்து கலமும் விடுபட்டிருந்தது, அதை வயரால் மெதுவாக மேலே எடுத்தேன்.

கரைக்கு வந்ததும் ரஹீம் நானா படகுக்குள் எட்டிப் பார்த்தார். "இது ஆர் கயிறு சுத்தினது? இடப்பக்கமா? மச்சான்மார் ரெண்டு பேருக்கும் கப்பல் கட்டத் தெரியும், கயிறு சுத்தத் தெரியாது." அவிழ்த்து மறுபக்கமாகச் சுற்றி வைத்தார். யூட் சிரித்துக்கொண்டு என்னைக் கைகாட்டினார்.

பின்னேரம் யூட்டின் வீட்டில் எல்லோரும் இருந்து பதிவைப் போட்டுப் பார்த்தோம். மெற்றில்டா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கலம் மல்லாந்து கிடந்தபடியால் படமும் கீழிருந்து மேலே. பச்சைத் தண்ணீர், உச்சியில் படகு ஒரு கறுத்த இலை மாதிரி. யூட் இறங்கி வருகிறார், கால் மாட்டுகிறது, உதறுகிறார், சேறு கலங்கி ஒன்றும் தெரியவில்லை. சேறு அடங்கும்போது அவர் தலை தொங்கிப்போய் இருக்கிறது. மெற்றில்டா "மாதாவே" என்றாள். அப்போது கயிறு விறைத்தது. படகின் விளிம்பில் இரண்டு கைகள். முழங்கைக்கு மேலும் துணியில்லாத, கறுத்த, மெலிந்த கைகள். ஒன்று மாற்றி ஒன்று, ஒன்று மாற்றி ஒன்று. அவசரமில்லாமல்.

நான் வெயிலுக்காக எப்போதும் நீளக் கைச் சேட்டுப் போடுகிறவன். அன்றைக்கு நீலச் சேட்டு. இடது கையில் மணிக்கூடு.

படகின் பின்மூலையில், விளிம்புக்கு வெளியே கொஞ்சம் பிதுங்கிக்கொண்டு நீலமாக ஒரு துண்டு தெரிந்தது. அது என் முதுகு.

"அதென்ன நீலமாய்?" என்று கேட்ட யூட், அவரே பதிலும் சொன்னார். "ஓ, சேட்டைக் கழட்டிப் பின்னால போட்டிட்டு இழுத்திருக்கிறீர். அப்பிடித்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றேன்.

அதோடு எல்லாம் மாறிவிட்டது. கண்காட்சிப் பலகையில் என் பெயரை முதலாவதாக எழுத வைத்தார் யூட். அந்தப் பதிவைத்தான் அங்கே திரும்பத் திரும்பப் போட்டார், கைகள் வரும் இடத்தில் நிறுத்தி, "இது என்ர மச்சான்ர கை. இதாலதான் நான் இண்டைக்கு இஞ்ச நிக்கிறன்" என்று சொல்வார். பாதர் பூசையில் என் பெயரைச் சொன்னார். ரேடியோ திருத்த வருகிறவர்கள் என் கையைப் பார்க்கிறார்கள். மெற்றில்டா ஞாயிறு தவறாமல் எனக்கு நண்டுக் கறி அனுப்புகிறாள். மெழுகு வார்த்ததற்கும் சோனாருக்கும் கிடைக்காத மரியாதை எல்லாம், நான் செய்யாத ஒன்றுக்குக் கிடைத்தது. அந்தப் பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பொறாமைப்பட்டேன் என்று மட்டும் சொன்னேன். கயிற்றைச் சொல்லவில்லை. இதில் எழுதிவிட்டபடியால் இனி யூட்டுக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். மூன்று வருடம் அந்த நண்டுக் கறி எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை.

அந்தக் கைகள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒருவருடைய மச்சான் என்று மட்டும் நினைக்கிறேன். கமெராவைத் திறந்து பார்த்தேன், பதிவை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தேன், எங்கேயும் ஒரு வயர் இன்னொரு வயரில் முட்டவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு இப்போது யூட்டில் பொறாமை இல்லை. அந்தக் கைகளில்தான்.

நாங்கள் இன்னும் கலத்தோடு கடலுக்குப் போகிறோம். கலம் மாட்டினால் யூட் இறங்குவார், கயிற்றை என்னிடம்தான் தருவார், வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். நான் இப்போது தண்ணீர் குடிக்கவும் கையை எடுப்பதில்லை. உள்ளங்கை தோல் உரியப் பிடிக்கிறேன். மூன்று தரம் இழுபட்டால் உடனே இழுக்கத் தொடங்குவேன். ஆனால் யூட் எண்பது கிலோ, எனக்கு அந்தப் பாரம் ஒருநாளும் முழுதாக வந்ததில்லை. இழுத்த கயிறு எனக்குப் பின்னால் பலகையில் சளக்கென்று விழ வேண்டும், அந்தச் சத்தமும் ஒருநாளும் கேட்டதில்லை. என் முதுகுக்குப் பின்னால், இடுப்பளவு உயரத்தில், கயிறு விறைப்பாகவே நிற்கிறது.

நான் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாளாவது என்னைத் தனியாகப் பிடிக்க விடலாம்தானே என்று மட்டும் நினைப்பேன்.